வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு ஓவியச் சாமான்: நாம் எதைக் கொடுப்பது?

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் வந்தால் நோட்டு, பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ் என்று நம் கடைகளில் கூட்டம் நெரியும். அது முடிந்ததும் மீதச் சரக்கை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த ஜூன் வரை மறந்துவிடுவோம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இந்த வழக்கம் மாறியது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. அந்த ஒன்றரை வருட காலம், துவரம்பருப்பு, புளி எழுதிய சிட்டையிலேயே கலர் பென்சிலும் டிராயிங் நோட்டும் எழுதி வந்தார்கள். பள்ளி திறந்த பிறகும் சில குடும்பத்தார் பிள்ளைகளை வீட்டில் வைத்தே கற்பித்து வருகிறார்கள். எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் இவர்கள் வருடம் முழுவதும் வாங்குகிறவர்கள். இவர்கள் கையில் வாத்தியார் எழுதிக் கொடுத்த லிஸ்ட் கிடையாது. "எதை வாங்கட்டும்?" என்று நம்மையே கேட்கிறார்கள். சரக்கைப் பற்றி நாம் சொல்லும் வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள்.

அப்படிக் கேட்ட ஒரு தாய்க்கு நாம் செய்த காரியத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நமது கடை மளிகையும் ஸ்டேஷனரியும் சேர்ந்த மொத்தக் கடை. ஆறு வயது மகனை வீட்டில் படிக்க வைக்கும் அந்த அம்மாள் ஓவியப் பாடம் ஆரம்பிக்க வேண்டும் என்று வந்தார். சூட்கேஸ் போல மூடித் திறக்கும் பெரிய செட் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். ஸ்கெட்ச் பேனா, கிரேயான், வர்ணக்கட்டி என்று எல்லாம் அதில் அடுக்கடுக்காக இருக்கும். நமக்கு அதில் லாபமும் கூடுதல். மூன்று மாதம் கழித்து வேறு சாமான் வாங்க வந்தவர், பேச்சோடு பேச்சாக, ஸ்கெட்ச் பேனாக்கள் காய்ந்துவிட்டன, வர்ணம் நோட்டுத் தாளில் ஊறிக் கிழிகிறது, பையன் தனக்கு வரையவே வராது என்று சொல்லிவிட்டான் என்றார். "நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, நான்தான் பார்த்து வாங்கியிருக்கணும்" என்றும் சொன்னார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு நமக்குப் பழக்கமான, ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். முதலில் வயது, அடுத்தது பாடம், கடைசியில்தான் சாமான் என்றார் அவர். நாம் தலைகீழாக, சாமானை விற்றுவிட்டுப் பாடத்தை அவர்கள் தலையில் போட்டிருக்கிறோம்.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஓவிய ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் 1947-ல் எழுதிய நூலில் இந்த வயதுக் கணக்கை விளக்கியிருக்கிறார். இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கும் பருவம். ஏழு வரை, மனிதன் என்றால் ஒரு வட்டமும் இரண்டு கோடும் என்று வடிவத்தைத் தேடிப் பழகும் பருவம். ஒன்பது வரை, வீடென்றால் இப்படி, மரமென்றால் இப்படி என்று பிள்ளை தனக்கென ஒரு வாய்பாடு வைத்துக்கொள்ளும். அதற்கு மேல்தான் பார்த்தது போல் வரவில்லையே என்ற குறை அதற்கே தோன்றும். அச்சடித்த படத்துக்குள் வர்ணம் தீட்டும் கலரிங் புத்தகத்தை அவர் அடியோடு எதிர்த்தார். பிள்ளையின் சொந்தக் கோட்டுக்கு அங்கே வேலையில்லை என்பது அவர் வாதம். நாமும் அந்தப் புத்தகங்களை விற்கிறோம், நிறுத்திவிடவில்லை. ஆனால் அதையே ஓவியப் பாடம் என்று சொல்லி விற்பதை விட்டோம்.

ஆக, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தடித்த மெழுகுக் கிரேயான் ஆறு நிறமும் பெரிய தாளும் போதும். தாள் பெரிதாக இருக்க வேண்டுமே தவிர உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. நாம் வருடா வருடம் கொடுக்கும் மாதக் காலண்டர்களில் பின்பக்கம் வெள்ளையாக விட்டிருந்தால் அதுவே நல்ல தாள். கேட்பவர்களுக்குப் பழைய காலண்டரைச் சும்மா கொடுங்கள்.

ஏழு வயதுக்கு மேல் பென்சில். இங்கே கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் உண்டு. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட குச்சி. 1795-ல் பிரான்சு தேசத்து கோன்டே என்பவர் உரிமம் பெற்ற முறை இது. களிமண் கூடினால் கெட்டி, அது 'எச்' வகை. கிராஃபைட் கூடினால் மிருது, கறுப்பு, அது 'பி' வகை. நடுவில் நிற்பது எழுதுவதற்கான எச்.பி. எச்.பி.யில் அழுத்தி வரைந்தால் தாளில் பள்ளம் விழும், அழித்தாலும் போகாது. வரையப் பழக 2பி கொடுங்கள், நிழல் போடும் வயதில் 4பி, 6பி. பத்துப் பென்சில் கொண்ட டப்பா தேவையில்லை.

பாடத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். நம் வீட்டு வாசல் கோலமே பாடம். நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் வைத்துப் பழகிய பிள்ளைக்கு இடைவெளி, சமச்சீர், வளைவு எல்லாம் கையில் வந்துவிடும். வர்ணத்திலும் சிக்கனமே பாடம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நான்கு போஸ்டர் கலர் கொடுத்தால் பச்சையையும் ஆரஞ்சையும் பிள்ளை தானே கலந்து கண்டுபிடிக்கும். இருபத்துநான்கு நிற டப்பாவில் அந்த வேலையைக் கம்பெனியே செய்து முடித்திருக்கிறது.

பத்து வயதானால் எதிரில் ஒரு பொருளை வைத்து வரையச் சொல்லலாம் என்றார் மாஸ்டர். செம்பு, கத்தரிக்காய், உரித்த தேங்காய் போதும் (நம் கடையிலேயே முக்கால்வாசி கிடைக்கும்!). இந்தக் கட்டத்தில் தாள் முக்கியமாகிறது. தாளின் தரத்தை ஜி.எஸ்.எம். என்று போடுவார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே அது. எடை போட்டு விற்கும் நமக்கு இது எளிது. 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 160 என்றால் 10 கிராம். தண்ணீர் வர்ணத்துக்கு 150-க்குக் குறைந்தால் தாள் சுருளும். அந்த அம்மாளின் பையனுக்குக் கிழிந்தது கையின் குற்றமே அல்ல, நாம் தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத குற்றம். தூரிகையில் உருண்டை முனை 4-ம் நம்பர் ஒன்று, 8-ம் நம்பர் ஒன்று இருந்தால் வெகுநாள் ஓடும்.

பரீட்சை உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டிலும் ஓவியம் ஒரு பாடமாக இருக்கிறது. பத்துக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. இவ்வளவு சொன்னாலே மதிப்பார்கள்.

இனி நாம் மறுக்க வேண்டிய சரக்கு. மஞ்சள்தூளில் கலப்படம் செய்யப் பயன்படும் லெட் குரோமேட் பற்றி மளிகைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அதே ஈயச் சரக்குத்தான் குரோம் மஞ்சள் என்ற பெயரில் பெயின்ட்டுக்குப் போவது. சிறுபிள்ளைக்கு விரல் எப்போதும் வாயில். ஆகவே லேபிள் இல்லாத பொட்டலக் கலர்ப்பொடியை, கோலத்துக்கு வாங்கியது என்றாலும், குழைத்து வரையக் கொடுக்கக் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற 2016-ம் வருட விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமல் டப்பா பரணில் மிச்சமிருந்தால் பிள்ளை கையில் போகவே கூடாது. மைதாப் பசை காய்ச்சிக் கொடுப்பவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். பிள்ளைக்கான பசையில் அது வேண்டாம், அன்றன்றைக்குக் காய்ச்சினால் போதும். நஞ்சில்லை என்று அச்சிட்ட டப்பாவும் தின்பதற்கல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பயமில்லாத வர்ணமும் நம்மிடமே இருக்கிறது. நல்ல மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசி, அதன் மேல் ஆப்ப சோடாக் கரைசலைத் தொட்டு வைத்தால் செம்பழுப்பாக மாறும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். சுண்ணாம்பிலும் இது வரும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே சோடாவே நல்லது. அந்த அம்மாளுக்கு இதைச் சொல்லி, ஒரு 2பி பென்சிலும் நான்கு கலரும் ஒரு கட்டுத் தாளும் கொடுத்தோம். பழைய செட்டுக்கு ஈடாக என்று சொல்லிக் காசு வாங்கவில்லை. பையன் அந்தத் தாளில் அரைக்கட்டை மஞ்சளும் சோடாவும் வைத்தே தீர்த்துவிட்டானாம். இப்போது மாதம் ஒருமுறை மளிகைச் சிட்டையில் தாளும் வருகிறது.

வரி விஷயத்தில் ஒரு மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், கிரேயான், பாஸ்டல், அழிப்பான், பயிற்சி நோட்டு இவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வர்ணமும் தூரிகையும் வேறு தலைப்பில் வருவன, எல்லாவற்றையும் ஒன்றாக வரியில்லாமல் பில் அடித்துவிடாதீர்கள்.

சரக்கு வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கிரேயான் மெழுகுச் சரக்கு, தகரக் கூரைக்கு அடியில் கோடையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கெட்ச் பேனா நாள்பட்டால் காயும், கொஞ்சமாகக் கொள்முதல் செய்யுங்கள். கட்டாகத் தாள் வாங்கினால் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்க வேண்டாம். ஒரு ஐப்பசி அடைமழையில் நம் குடோனில் இரண்டு கட்டு அப்படி நமத்து அலையலையாகப் போய், கடைசியில் மிளகாய் வற்றல் பொட்டலம் மடிக்கத்தான் உதவியது.