பனிக்கு எந்த லாக்கர்?

மும்பை செம்பூரில் வளர்ந்த எனக்கு லாக்கர், அதாவது டிஃப் லாக், என்றதும் நினைவுக்கு வருவது தேவ்நார் குப்பைமேடு. ஜூலை மழையில் டிப்பர் லாரி அதில் ஏறும்போது ஒரு பக்க டயர் சேற்றில் வெறுமனே சுற்றும், மறுபக்க டயர் அசையாமல் நிற்கும். டிரைவர் ஒரு சுவிட்சைத் தட்டுவார். நின்ற டயரும் இழுக்க ஆரம்பிக்கும்; லாரி முனகிக்கொண்டே மேலே போய்விடும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இதில் அதிசயம் இல்லை. இப்போது கடைக்கு வருகிறவர்கள்தான் வேறு ரகம். தார், ஜிம்னி வண்டிகள் வைத்திருக்கும் பையன்கள். டிசம்பரில் மணாலி, ஸ்பிதி போகிறார்களாம். மாட்டுங்காவில் இருக்கும் என் அண்ணன் மகனும் வந்தான்.

"சித்தப்பா, முன்னாடியும் பின்னாடியும் லாக்கர் போட்டுட்டா எங்கேயும் மாட்ட மாட்டோம்ல?"

"மாட்ட மாட்டே. ஆனா வண்டி எங்க போய் நிக்கும்கிறது உன் கையில இருக்காது" என்றேன்.

தாராவி 90 அடி சாலையில் மூட்டை ஏற்றிய கைவண்டி முனை திரும்புவதைப் பாருங்கள். வெளிச்சக்கரம் நிறைய ஓடும், உள்சக்கரம் கொஞ்சம்தான் நகரும். இரண்டும் அச்சில் தனித்தனியாகச் சுழல்வதால் தொல்லையில்லை. எஞ்சின் சுற்றும் சக்கரங்களுக்கு இதே வசதியைக் கொடுப்பது டிஃபரென்ஷியல். பிரான்ஸின் ஒனேசிஃபோர் பெக்கர் 1827-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இதில் ஒரு குறை உண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு டயர் பனிக்கட்டிமேல் இருந்தால், அதைச் சுற்றப் போதுமான அற்ப விசைதான் கெட்டித் தரையில் இருக்கும் டயருக்கும் கிடைக்கும். லாக்கர், டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன் என்ற சிறு பல்சக்கரங்களைச் சுழலவிடாமல் பிடித்து, இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் ஒரே தண்டுபோல ஆக்கிவிடுகிறது.

ஒன்றுதான் போடலாம் என்றால் பின்னால் போடுங்கள். மேடேறும்போது பாரம் பின்னால் சாய்கிறது, இழுக்க வேண்டியதும் பின்சக்கரம். ஸ்டீயரிங்குக்கும் அதனால் பெரிய பாதகமில்லை. முன் லாக்கர் வேறு சங்கதி. அதைப் போட்டதும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட் உடையும். முழங்கால் அளவு புதுப்பனியை உழுதுகொண்டு போகவோ, பாறை ஏறவோ அது உதவும். உள்நாட்டு வண்டிகளில் புணே ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்காவில் முன், பின் இரண்டு லாக்கும் கம்பெனியிலேயே வருகின்றன, தனித்தனி லீவருடன்.

ஆனால் சுற்றுலா போகிறவர்கள் மாட்டுவது புதுப்பனியில் அல்ல. வண்டிகள் ஏறி இறங்கி அமுக்கிய பனி, ராத்திரியில் உறைந்து கண்ணாடியாகிவிட்ட தார்ச்சாலை, அங்கேதான். 2024 டிசம்பர் கடைசியில் மணாலி பக்கம் சோலங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவே சுமார் ஆயிரம் வண்டிகள் சிக்கிக்கொண்டன. அந்தச் சரிவில் லாக்கர் உதவாதது மட்டுமில்லை, கெடுதலும் செய்யும். டயருக்கு இருக்கும் பிடி மொத்தமே கொஞ்சம். அதை முன்னே தள்ளுவதற்கே செலவழித்துவிட்டால், பக்கவாட்டில் வழுக்காமல் நிற்க மிச்சம் இருக்காது. லாக் இல்லாதபோது ஒரு பின்டயர் சுற்றினாலும் மற்றது வண்டியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், பள்ளம் எந்தப் பக்கமோ வால் அந்தப் பக்கம் இறங்கும். முன்னாலும் லாக் இருந்தால் மூக்கும் கூடவே போகும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் மகன் வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவனுடைய தாரில் பின்பக்கம் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது! பாவம், அவனுக்கே தெரியாது. சுவிட்ச் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசப்பட்டால் தானே பூட்டும், மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போனால் விட்டுவிடும். சேற்றுக்கு அருமையான சாமான். சரிந்த பனிக்கட்டியில் மட்டும், வேண்டாத நேரத்தில் பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்து ஆக்சிலரேட்டரைத் தடவித் தடவி ஓட்ட வேண்டும். அதனால் பனிக்கென்றே புதிதாக வாங்குகிறவர்களுக்கு, நாமே போட்டு நாமே எடுக்கும் வகைதான் என் சிபாரிசு. காற்றில் இயங்குவதற்கு கம்ப்ரஸர் வேண்டும்; குழாயில் ஈரம் தங்கினால் குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். மின்சாரத்தில் இயங்குவதற்கு அந்த வம்பில்லை.

எதுவானாலும் டயர் வழுக்கி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது பூட்டாதீர்கள், பல் போய்விடும். சிக்குவதற்கு முன்பே, மெதுவாக, நேராகப் போகும்போது பூட்டுங்கள். முதலில் பின், தேவைப்பட்டால் முன். எடுக்கும்போது முன் லாக்கை முதலில்.

முன் லாக்கருக்கு வைத்திருந்த பணத்தில் அண்ணன் மகனை நாலு சக்கரத்துக்கும் பனிச்சங்கிலி வாங்கச் சொன்னேன். மூன்று சிகரமும் பனிச்செதிலும் அச்சடித்த குளிர்கால டயர் கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பித்துவிடும். மும்பையில் அந்தக் கவலையே கிடையாது. சாந்தாக்ரூஸில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.4 டிகிரிதான், அதுவும் 1962 ஜனவரியில்.

அதனால்தான் நம் ஊர்க்காரர்கள் கியர் ஆயிலையும் மறந்துவிடுகிறார்கள். குர்லாவில் யாரைக் கேட்டாலும் டிஃபரென்ஷியல் ஹவுசிங்கில் 80டபிள்யூ-90 ஊற்றுவார்கள். அந்த 80டபிள்யூவின் குளிர்ப் பரிசோதனை மைனஸ் 26 டிகிரியில் நடப்பது, 75டபிள்யூவுக்கு மைனஸ் 40. ஸ்பிதியின் காசாவில் ஜனவரி ராத்திரி மைனஸ் இருபதைத் தாண்டும். காலையில் ஆயில் கூழாக இருந்தால் லாக்கர் பூட்ட நேரமாகும், விடவும் நேரமாகும். சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஊற்றிக்கொண்டு, வண்டி சூடாகும்வரை கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டச் சொன்னேன். டீசலையும் இங்கிருந்து கேனில் சுமந்துபோக வேண்டாம் என்றேன், அது அங்கே மெழுகாகிவிடும். லடாக் மாதிரிக் குளிர்ப் பகுதிகளுக்கென்று மைனஸ் 33 டிகிரிவரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரிலேயே கொண்டுவந்துவிட்டது.