கிளட்ச் ஏன் வெட்டுகிறது? பழைய புல்லட்டும் தோசை அடுக்கும்

முதல் கியரைப் போட்டு லீவரை மெல்ல விடுகிறீர்கள். பாதி தூரம் விட்டும் வண்டி அசையவில்லை. இன்னும் ஒரு நூல் விட்டதும் குபீரென்று முன்னால் பாய்கிறது. இல்லையென்றால் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு இன்ஜின் நின்றுவிடுகிறது. கிளட்ச் ‘வெட்டுது’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இதைத்தான்.

“பிளேட் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்” என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும்: இன்ஜின் கத்தும், வண்டி மேடு ஏறாது. வெட்டுகிற வண்டியிலோ பிடிமானம் நன்றாகவே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே பிடிக்கும் அந்தப் பதம்தான் கெட்டிருக்கிறது. எங்கே கெட்டது என்று தேட, உள்ளே என்ன நடக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். வார்ப்பிரும்பு இன்ஜின் காலத்து புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா சென்னை திருவொற்றியூரில் செய்த அந்த வண்டி இன்னும் நம் தெருக்களில் ஓடுகிறது.

தோசை அடுக்கு

அகலமான ஒரு பாத்திரம். நடுவில் ஒரு மத்தை நிறுத்துங்கள். ஒரு தோசை, ஒரு வாழை இலை, மறுபடி தோசை, மறுபடி இலை என்று அடுக்குங்கள். தோசையின் ஓரம் பாத்திரத்தின் சுவரைப் பற்றியிருக்கிறது, மத்தைத் தொடவில்லை. இலையின் நடு ஓட்டை மத்தைப் பற்றியிருக்கிறது, சுவரைத் தொடவில்லை. மேலே ஒரு மூடியை வைத்து அழுத்திக்கொண்டு பாத்திரத்தைச் சுற்றினால் மத்தும் கூடவே சுற்றும். மூடியைத் தூக்கினால் பாத்திரம் மட்டும் சுற்றும், மத்து சும்மா நிற்கும்.

கிளட்ச் இவ்வளவுதான். பாத்திரம் என்பது பாஸ்கெட். இன்ஜின் பிரைமரி செயின் மூலம் அதைச் சுற்றுகிறது. மத்து என்பது நடு ஹப். அது கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டில் பூட்டியிருக்கிறது. தோசைகள் உராய்வுப் பூச்சுள்ள பிளேட்டுகள், இலைகள் வெறும் ஸ்டீல் பிளேட்டுகள். மூடி பிரஷர் பிளேட்; அதை ஸ்பிரிங்குகள் அழுத்திக்கொண்டிருக்கின்றன. லீவரைப் பிடித்தால், மெயின் ஷாஃப்ட்டின் உள்துளை வழியாக ஒரு புஷ் ராடு வந்து மூடியைத் தள்ளித் தூக்குகிறது. மொத்த அடுக்கும் எண்ணெயில் நனைந்தபடி சுற்றுகிறது.

லீவரை மெல்ல விடும் அந்த ஓரிரு நொடிதான் முக்கியம். மூடி மெதுவாக இறங்க, தோசையும் இலையும் முதலில் வழுக்கி, பிறகு உரசி, கடைசியில் ஒட்ட வேண்டும். நடுவில் உள்ள ‘உரசல்’ காணாமல் போனால் கிளட்ச் வெட்டும்.

கேஸைத் திறக்கும் முன்

முதல் சந்தேகம் கேபிள் மேல் இருக்கட்டும். கியர்பாக்ஸ் பக்கத்து முனையைக் கழற்றி, உள் கம்பியைக் கையால் இழுத்து விடுங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். துருப்பிடித்தோ இழை பிரிந்தோ இருந்தால், உங்கள் விரல் மெல்ல விட்டாலும் கம்பி சிக்கிச் சிக்கித் தாவும். மூடி ‘டொப்’பென்று விழும். லீவரில் உட்காரும் நிப்பிள் காய்ந்துபோய்த் திரும்பாமல் இருந்தாலும் இதே கதைதான். புதுக் கேபிள் பிளேட் செட்டைவிட மிக மலிவு. மாட்டியபின், லீவர் அச்சருகே 2 முதல் 3 மி.மீ. பிளே விடுங்கள்.

அடுத்து, குற்றவாளி கிளட்ச்தானா என்று பாருங்கள். பின் செயின் தொளதொளத்திருந்தாலும், பின் சக்கர ஹப்பில் உள்ள ரப்பர்கள் நொறுங்கியிருந்தாலும், பிரைமரி செயின் தளர்ந்திருந்தாலும், கிளட்ச் சீராகப் பிடித்த பிறகும் வண்டி உதறும். ஐடிலிங் அதிகமாக வைத்திருந்தாலும் புறப்பாடு பாய்ச்சலாகத்தான் இருக்கும்.

எண்ணெய்

எண்ணெய் வறண்ட தோசை இலையோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தால் சீராக வராது. பழைய புல்லட்டில் பலர் ஏமாறும் இடம் இது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரைமரி செயின் கேஸ் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்களும், கிளட்ச் குளிக்கும் செயின் கேஸ் எண்ணெயை வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். கறுத்து, இரும்புத் தூள் கலந்து, பிசினாகிப் போன எண்ணெயில் பிளேட் வழுக்காது, ஒட்டும்.

கார் ஆயிலை ஊற்றாதீர்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் அதில் பல நேரம் இருக்கும். அவை கிளட்சை வழுக்கவிடும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கிறதா பாருங்கள். எண்ணெயில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஜப்பானியத் தரம் அது. ‘எம்பி’ என்றால் ஸ்கூட்டர்களுக்கு.

இரவெல்லாம் நின்ற வண்டியில் அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், லீவரை முழுதாகப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து முறை மிதியுங்கள். பிளேட்டுகள் பிரிந்துவிடும்.

அடுக்கைப் பிரிக்கும்போது

இதற்கும் மசியவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான். இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் விலக்கி, கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள். புல்லட்டின் செயின் கேஸ் மூடியை நடுவில் உள்ள ஒரே நட்தான் பிடித்திருக்கிறது. அது கழன்றதும் எண்ணெய் மொத்தமாகக் கொட்டும்.

எதையும் பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் லீவரைப் பிடிக்க, இன்னொருவர் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, பிரஷர் பிளேட் சுற்றுவதைப் பார்க்க வேண்டும். அது தள்ளாடினால், மூடி ஒரு பக்கம் மட்டும் தூக்குகிறது. இறங்கும்போதும் ஒரு பக்கமே முதலில் கவ்வும். ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்து அருகருகே நிறுத்துங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள்.

பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்குங்கள். ஸ்டீல் பிளேட் ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பலகையில் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். அனுமதிக்கும் கோணல் வண்டிக்கு வண்டி மாறும். பல மேனுவல்களில் அது 0.1 முதல் 0.3 மி.மீ.க்குள் இருக்கும். நீலம் பாய்ந்த பிளேட் சூடுபட்டுக் கோணியிருக்க வாய்ப்பு அதிகம். கோணல் பிளேட்டில் மேடான இடம் மட்டும் முதலில் பிடிக்கும், பிறகு விடும், பிறகு பிடிக்கும், அதுதான் உதறல். மினுமினுப்பு மட்டும் ஏறியிருந்தால் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும்.

கடைசியாகப் பாத்திரம். என் பார்வையில், பழைய வண்டிகளில் அதிகம் தப்பிவிடும் குற்றவாளி இதுதான். சுவர் நசுங்கிய பாத்திரத்தில் தோசையின் ஓரம் மாட்டிக்கொள்ளும். மேலும் வராது, கீழும் இறங்காது. பாஸ்கெட்டின் விரல்களில் பிளேட்டின் காதுகள் வருடக்கணக்காக மோதி மோதிப் பள்ளம் வெட்டியிருக்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், படிப்படியாகத் தட்டுப்படும். லீவரை விடும்போது பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டி நின்று, அழுத்தம் கூடியதும் சட்டென்று குதிக்கிறது. இந்தப் பாஸ்கெட்டில் புது பிளேட்டைப் போட்டாலும் கிளட்ச் வெட்டத்தான் செய்யும். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் மெல்லிய அரத்தால், எல்லா விரல்களிலும் ஒரே அளவாக, சதுரம் கெடாமல் ராவுங்கள். ஆழமாக இருந்தால் பாஸ்கெட்டையே மாற்றுங்கள். ஹப்பின் பற்களையும் இப்படியே பாருங்கள்.

பூட்டும்போது பிளேட்டைக் காய்ந்தபடி போடக் கூடாது. புதிதோ பழையதோ, செயின் கேஸில் ஊற்றப் போகும் அதே எண்ணெயில் ஓர் இரவு ஊற வையுங்கள். பிறகு சமதரையில், முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் லீவரை மட்டும் மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி நடை வேகத்தில் குலுங்காமல் நகர்ந்தால் வேலை சரி.

கேபிள், எண்ணெய், ஸ்பிரிங், ஸ்டீல் பிளேட், பாஸ்கெட் என்ற இந்த வரிசையில் போனால் செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போகிறீர்கள். பழைய வண்டிக்கு ஒரிஜினல் பாகம் கிடைப்பது அரிதாகிவரும் காலத்தில், நல்ல பிளேட்டைக் கழற்றி எறியாமல் இருப்பதும் வண்டியைக் காப்பாற்றுவதுதான்.