டிராக்டரின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவி

டிராக்டரை வாடகை உழவுக்கு விடும் விவசாயிகளுக்கு இரண்டு கவலைகள் உண்டு. வண்டி உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது ஒன்று. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, எஞ்சின் சூடேறிய நிலையிலும் ஓட்டப்பட்டதா என்பது மற்றொன்று. எஞ்சின் பிடித்துக்கொண்டால் ஒரு பருவத்து வாடகை வருமானம் பட்டறைக்கே போய்விடும். இவ்விரண்டையும் தேதி, நேரத்துடன் தானே குறித்துவைக்கும் கருவியை ஆர்டுயினோ என்னும் மின்னணுப் பலகையைக் கொண்டு அமைக்கலாம். 2005ஆம் ஆண்டு இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட பலகை இது. ஆகவே புதிதாகப் பழகுவோர் அஞ்ச வேண்டியதில்லை.

தேவையான பொருட்கள்

ஆர்டுயினோ ஊனோ பலகை, எஸ்.டி. கார்டு பலகை, டி.எஸ்.3231 கடிகாரப் பலகை, நீர் புகாத டி.எஸ்.18பி20 வெப்ப உணரி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் எல்.எம்.2596 பலகை, 30, 10, 4.7 கிலோ ஓம் மின்தடைகள், 1 ஆம்பியர் பியூஸ்.

இணைக்கும் முறை

பாட்டரி 12 வோல்ட் என்றாலும் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரை ஏறும். சாவி சுவிட்சிலிருந்து பியூஸ் வழியாக மின்சாரம் எடுத்து, 5 வோல்ட்டாகக் குறைத்து, மல்டிமீட்டரால் சரிபார்த்த பின்னரே ஆர்டுயினோவுக்குக் கொடுக்க வேண்டும். பாட்டரியை அளக்க, 30 கிலோ ஓம் தடையைப் பாட்டரிப் பக்கமும் 10 கிலோ ஓம் தடையை எர்த் பக்கமும் தொடராக இணைத்து, நடுமுனையை ஏ0 முனைக்குக் கொடுக்கவும். அங்கு நான்கில் ஒரு பங்கு வோல்ட் மட்டுமே வரும். கடிகாரம் ஏ4, ஏ5 முனைகளிலும், கார்டு 10 முதல் 13 வரையுள்ள முனைகளிலும் அமையும். வெப்ப உணரியின் சமிக்ஞைக் கம்பியை 2ஆம் முனையில் இணைத்து, அதற்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் தடையைப் பொருத்தவும். உணரியை ரேடியேட்டரின் மேல் தொட்டியில் ஒட்டினாற்போல் கட்டவும்.

மாற்ற வேண்டிய இடங்கள்

ஆயத்த நிரலை எடுத்து மாற்றுவதே எளிது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்கவும்.

1. சில மாதிரி நிரல்களில் கார்டு முனை 4 என்றிருக்கும். அதை 10 என மாற்றவும். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேற்படக் கூடாது.

2. பதிவு இடைவெளி 10 விநாடி போதும். மணிக்கு 360 வரிகள் வரும்.

3. பாட்டரிக் கணக்கை மல்டிமீட்டருடன் ஒப்பிடவும். மீட்டர் 12.60 காட்டும்போது கருவி 12.35 காட்டினால், நிரலில் 1.02 ஆல் பெருக்கவும்.

4. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கோப்பை மூடச் செய்யவும். இல்லாவிடில், சாவியை அணைத்ததும் கடைசிப் பதிவுகள் அழியக்கூடும்.

பதிவுகளைப் படித்தல்

ஓய்விலுள்ள நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்னேட்டர் சரியாக வேலை செய்யும் வண்டியில் 13.2க்கு மேலுள்ள வரிகளை எண்ணி 360 ஆல் வகுத்தால் எஞ்சின் ஓடிய மணி கிடைக்கும். சாவி மட்டும் போட்டு நின்ற நேரம் இதில் சேராது. வாடகைக் கணக்குக்கும், கையேட்டில் கூறிய மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதற்கும் இது உதவும்.

வெப்பம் -127 என்று வந்தால் உணரியின் கம்பி அறுந்துள்ளது. இயக்கியவுடன் 85 என்று வந்தால் அளவெடுக்கும் முன்பே படித்துவிட்டது என்று பொருள். 750 மில்லி விநாடி பொறுத்துப் படிக்கச் செய்யவும். இவற்றை எஞ்சின் சூடாகக் கருதி ஓட்டுநரைக் கடிந்துகொள்ள வேண்டாம். தொட்டியின் வெளிப்புறச் சூடு, உள்ளேயுள்ள தண்ணீரின் சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எனவே வழக்கமான அளவை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் ஏறினால் தண்ணீரையும் விசிறிப் பட்டையையும் பார்க்கவும்.

முதல் மாதம் நோட்டுப் புத்தகத்திலும் மணிக்கணக்கை எழுதி ஒப்பிட்டு வருவது நல்லது. இரண்டும் ஒத்துவந்த பின்னர் கருவியை நம்பிக் கணக்குப் பார்க்கலாம்.