வசனம் காதில் விழ வேண்டுமா?

ஹோம் தியேட்டர் வாங்கிவைத்த பல வீடுகளில் ரிமோட் கையைவிட்டு இறங்குவதே இல்லை. கதாநாயகியின் அப்பா முணுமுணுக்கும்போது சத்தத்தை ஏற்ற வேண்டும். அடுத்த காட்சியில் லாரி வெடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவதற்குள் இறக்க வேண்டும். ‘செட்டுக்குப் பவர் பத்தல, பெரிய வாட்ஸா வாங்கணும்’ என்று முடிவுகட்டி மறுபடி கடைக்குப் போகிறார்கள். வாட்ஸ் கூடினால் லாரி இன்னும் பலமாக வெடிக்கும். அப்பா அப்படியேதான் முணுமுணுப்பார்.

தியேட்டரில் இந்தத் தொல்லை குறைவு. திரைக்குப் பின்னால், நட்டநடுவில் நிற்கும் ஸ்பீக்கர்தான் வசனத்தைச் சுமக்கிறது. 1992-ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ டால்பி டிஜிட்டலோடும், அடுத்த ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ டிடிஎஸ்ஸோடும் வந்தன. 2012-ல் ‘சிவாஜி 3டி’ மூலம் டால்பி அட்மாஸ் தமிழுக்கும் வந்தது. ஒலி பக்கவாட்டுக்கும் தலைக்கு மேலேயும் பரவியது. வசனம் மட்டும் பெரும்பாலும் நடுவிலேயே நின்றது. வீட்டில் அந்த நடு ஸ்பீக்கரைத்தான் மீதி இருக்கும் இடத்தில் திணித்து வைக்கிறோம். அதனால் ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் வாங்கப் போகும்போதே இந்த ஒரு ஸ்பீக்கரை மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

முதலில் வாட்ஸ் கணக்கு. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 150 வாட்ஸ் என்று இருக்கும். அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள்: ஒரே ஒரு சேனல் மட்டும் ஓடும்போது, 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு அளந்தது. 10 சதவீதம் என்றால் காதால் கேட்டே கண்டுபிடிக்கும் அளவு கரகரப்பு. அதே பெட்டியை இரண்டு சேனல் ஓடவிட்டு, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதத்துக்குள் அளந்தால் எண் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 91 உள்ளதை வாங்கினாலும் அதே 3 டெசிபல் வந்துவிடுகிறது. பத்துக்குப் பதினான்கு அடி ஹாலில் சாதாரண வசனத்துக்குச் செலவாவது ஓரிரு வாட்ஸ்தான். காசு மிச்சம் இருந்தால் அது ஸ்பீக்கருக்கு, அதிலும் நடு ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செட் கட்டித் தருபவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி, கனமான டிரான்ஸ்ஃபார்மர், அகலமான ஹீட்சிங்க் என்று போட்டுக் கொடுத்தால் பாட்டுக்கு அந்தத் தெம்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அறையை மைக் வைத்து அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலை அவற்றில் பெரும்பாலும் இருக்காது. கம்பெனி ரிசீவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு முதல் நியாயம் அதுதான். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர்கள் மாறும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் செட் என்றால் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம்மூர் 230-ல் நேரடியாகச் செருகினால் கதை அங்கேயே முடிந்தது.

எத்தனை சேனல்? அட்மாஸுக்கு மேலே ஸ்பீக்கர் வேண்டும். ஃபால்ஸ் சீலிங் இல்லாத கான்கிரீட் தளத்தில் அதைத் தொங்கவிடுவது பெரிய பாடு. என்னைக் கேட்டால், மேலே இரண்டை அரைகுறையாகப் பொருத்திய 5.1.2-வைவிட, ஐந்து ஸ்பீக்கரும் ஓர் உஃபருமாக ஒழுங்காக வைத்த 5.1 எவ்வளவோ மேல்.

டிவியோடு இணைக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. எச்டிஎம்ஐ ஒயரை டிவியில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். செருகிய பிறகும் டிவியின் சவுண்ட் மெனுவில் அவுட்புட் ‘பிசிஎம்’ என்று கிடந்தால் பல டிவிகள் வெறும் ஸ்டீரியோவைத்தான் அனுப்பும். ‘பாஸ்-த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’வுக்கு மாற்றிவிட்டு ரிசீவரின் முகப்பைப் பாருங்கள், டால்பி என்று எழுத்து வர வேண்டும். இதைச் செய்யாமல் ‘நடு ஸ்பீக்கர் பேசவே இல்லை’ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் உண்டு. ஓடிடி மட்டும் பார்ப்பவருக்குச் சாதாரண ஏஆர்சியே போதும். ஓடிடி தரும் அட்மாஸ் அதிலேயே வந்துவிடும். ப்ளூரே பிளேயரை டிவியில் செருகும் ஆசாமிகளுக்குத்தான் இஏஆர்சி.

இனி நடு ஸ்பீக்கர். டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் வரும். தட்டின் விளிம்புவரை முன்னே இழுங்கள். அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, முகம் உட்காருபவரின் காதைப் பார்க்கும்படி சற்றே அண்ணாத்துங்கள். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கவாட்டைத் தாண்டி, 110 முதல் 120 டிகிரியில், காதுக்குச் சற்று மேலே இருக்கட்டும். சோபா சுவரை ஒட்டிக் கிடந்தால் ஓரடியாவது முன்னால் நகர்த்துங்கள். வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

ரிசீவரோடு வரும் மைக்கைச் சோபா மெத்தையில் சாய்த்து வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில் மாட்டி, காது இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி, கிரைண்டர் எல்லாம் ஓய்ந்திருக்க வேண்டும். அளந்து முடித்ததும் ரிசீவர் சொல்வதை ஒருமுறை சரிபாருங்கள். உஃபரின் தூரத்தை நிஜத்தைவிட அதிகமாகக் காட்டினால் கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ‘ஃபேஸ்’ தப்பு என்று சொன்னால் சிவப்பு, கறுப்பு ஒயர் இடம் மாறியிருக்கலாம். முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது அடி ஒலியை உஃபருக்குத் திருப்பிவிடும் எல்லையை, 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். கையளவு ஸ்பீக்கர் என்றால் 150-க்கு மேல் வைக்க வேண்டிவரும். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85-லிருந்து 155 ஹெர்ட்ஸுக்குள் வருவதால், அது உஃபருக்குப் போய், கதாநாயகன் மூலையிலிருந்து பேச ஆரம்பித்துவிடுவார். நடு ஸ்பீக்கர் பெரிதாக இருக்கட்டும் என்பது இதனால்தான்.

இவ்வளவு செய்தும் குரல் தெளியவில்லையா? ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘கிணிங்’ என்று வால் நீண்டால் குற்றவாளி அறைதான். விட்ரிஃபைட் டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. தடித்த திரைச்சீலை, புத்தக அலமாரி, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான கார்பெட் ஆகியவை நன்றாக வேலை செய்யும். பவானி ஜமக்காளம் அழகு. ஆனால் மெல்லியது, கீச்சுச் சத்தத்தை மட்டுமே கொஞ்சம் குடிக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்ப்பவர்களுக்கு மெனுவில் ‘நைட் மோடு’ அல்லது ‘டைனமிக் வால்யூம்’ என்று ஒன்று இருக்கும். முணுமுணுப்பைத் தூக்கி, வெடிச்சத்தத்தை அமுக்கும். படத்தின் வீச்சைக் குறைக்கிறது என்று ஆடியோ பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஃபிளாட்டில் கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். உஃபருக்கு அடியில் தடித்த ஃபோம் ஒன்றையும் போட்டுவிடுங்கள்.