அடுப்பில் எரிவது எவ்வளவு? பானைக்குப் போவது எவ்வளவு?



ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க எவ்வளவு விறகு வேணும்? எங்க ஆயாவைக் கேட்டேன். "நாலு குச்சி வெச்சா கொதிக்குது, இதுக்கு என்னடா கணக்கு?" என்றார்கள். கணக்கும் போட்டுப் பார்ப்போமே!

1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை 70 டிகிரி. ஆக 70 × 4.2 = 294 கிலோஜூல். நன்றாகக் காய்ந்த விறகு 1 கிலோவில் சுமார் 16,000 கிலோஜூல் இருக்கிறது. அப்படியென்றால் 18 கிராம் விறகே போதும். ஒரே ஒரு சின்னக் குச்சி!

ஆனால் மூணு கல் அடுப்பில் 120 முதல் 180 கிராம் வரை எரிகிறது. ஏன்? அதில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வெப்பம்தான் பானைக்குப் போகிறது. மீதி எங்கே போச்சு?

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு பட்டதும் அதிலிருந்து வாயுக்கள் வெளிவருகின்றன. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதுதான் தீ. மரம் வெயிலில் சேர்த்து வைத்த ஆற்றல் இப்போது வெப்பமாக வெளியே வருகிறது. காற்று பத்தாவிட்டால் வாயுக்கள் முழுசா எரியாது. அதுதான் புகை. அதாவது, புகை என்பது எரியாமல் வீணாய்ப் போன விறகு! ஊதாங்குழலால் ஊதும்போது நாம் கொடுப்பது ஆக்சிஜன்தான்.

வெப்பம் பானைக்கு மூன்று வழியில் போகிறது. சூடான வாயு மேலே எழும்பி பானையைத் தொடுவது வெப்பச்சலனம். தணல் தூர இருந்தே சுடுவது வெப்பக்கதிர்வீச்சு. பானையின் அடியிலிருந்து உள்ளே சூடு பரவுவது வெப்பக்கடத்தல். திறந்த அடுப்பில் சூடான வாயு பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. நம்ம பாட்டிமார் போட்ட கொடியடுப்பு, அப்படி ஓடும் சூட்டைப் பிடித்துப் பக்கத்துப் பானைக்குக் கொடுக்கிறது. என்ன ஒரு யோசனை!

நம் பக்கத்து ஆம்பூர் பிரியாணியைப் பாருங்கள். தம் போடும்போது மூடி மேலேயும் தணல் கொட்டுவார்கள். கீழேயும் சூடு, மேலேயும் சூடு, ஆவி வெளியே போக வழியில்லை. பேக்கரி அவன் செய்வதும் இதுதான். நாலு பக்கமும் மூடிய அறையில் சூடான காற்றும் சுவர்களும் ரொட்டியை வேக வைக்கின்றன.

மற்ற அடுப்புகள்? நல்ல கேஸ் அடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் பாத்திரத்துக்குப் போகிறது. இன்டக்ஷன் அடுப்பில் தீயே கிடையாது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்சாரத்தை உண்டாக்க, பாத்திரமே சூடாகிறது. மைக்ரோவேவ் அவனில் நுண்ணலைகள் உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டி அசைத்துச் சூடாக்குகின்றன.

இதெல்லாம் வெறும் பரீட்சைக்கான பாடம் இல்லை நண்பர்களே. நம்ம மலையில் இன்னும் எத்தனையோ அம்மாக்கள் தலைச்சுமையாக விறகு கொண்டு வருகிறார்கள். புகையில் கண் எரிய எரிய சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

நாம் செய்யக்கூடியவை:

1. பச்சை விறகு வேண்டாம். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,260 கிலோஜூல் வேண்டும். விறகின் ஈரத்தை விரட்டவே தீயின் ஒரு பகுதி செலவாகிவிடும். பிளந்து காய வைத்து எரிப்போம்.
2. சாம்பலை அள்ளிவிட்டு, காற்றுக்கு வழி விடுவோம்.
3. பானையை மூடிச் சமைப்போம்.
4. கொதி வந்ததும் தீயைக் குறைப்போம். எவ்வளவு எரித்தாலும் கொதிக்கும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் 98 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்!
5. பருப்பை முன்கூட்டியே ஊறப் போடுவோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை. 1 லிட்டர் தண்ணீரை ஒரு தடவை மூடாமலும், ஒரு தடவை மூடியும் கொதிக்க வையுங்கள். விறகை முன்னும் பின்னும் எடை போடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். விடையைத் திங்கட்கிழமை ஒரு தாளில் எழுதி இந்தப் பலகையிலேயே ஒட்டுங்கள்.

மிச்சமாகும் ஒவ்வொரு குச்சியும் அம்மாவின் தலைச்சுமையில் குறையும் ஒரு குச்சி!