ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை

ஆடிப் பதினெட்டன்று கொள்ளிடத்தில் தண்ணீர் வந்திருந்தால், அரியலூர் மாவட்டத்தின் தென்கோடி ஊர்கள் முழுவதும் ஆற்றங்கரையில்தான் இருக்கும். வாழையிலையில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு வைத்துப் படைப்பார்கள். புதுப்பெண்கள் தாலி பிரித்துக் கோர்த்துக்கொள்வார்கள். அதே நேரத்தில் வடக்கே பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம், ஆலத்தூர் பக்கம் போனால், கரிசல் காட்டில் மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். கோடை உழவு போட்ட நிலம் விதைக்கு இன்னும் ஈரம் காணவில்லை. ஒரே நாள், ஒரே வட்டாரம். ஒரு பக்கம் பெருக்கு, இன்னொரு பக்கம் புழுதி.

கொள்ளிடத்தில் ஓடும் அந்தத் தண்ணீர் இங்கே பெய்ததல்ல. தென்மேற்குப் பருவக்காற்று குடகு மலையில் மோதிக் கொட்டிய மழை அது. கர்நாடக அணைகளையும் மேட்டூரையும் தாண்டி, முக்கொம்பில் பிரிந்து இங்கு வந்து சேர்கிறது. அதே காற்றுதான் மலையைக் கடந்து நம் பக்கம் இறங்குகிறது. ஆனால் ஈரத்தை மலையிலேயே விட்டுவிட்டு இறங்குவதால், வரும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது. ஆக, ஆற்றை நிரப்புவதும் காட்டைக் காயவைப்பதும் ஒரே பருவக்காற்றுதான். ஆடிப்பெருக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஆற்றங்கரையை மட்டுமே பார்க்கிறோம். மானாவாரி விவசாயிக்கு ஆடி என்பது வானத்தை அண்ணாந்து பார்க்கும் மாதம்.

சூரியன் வடக்கும் தெற்குமாக நகரும்போது, அதன் பின்னாலேயே வெப்பமண்டலத்தின் மழைப் பட்டையும் சற்றுத் தாமதமாக நகர்கிறது. உலகம் முழுக்க இந்தப் பட்டையை ஒட்டி வாழும் மக்கள் தங்கள் விழாக்களை அதைப் பார்த்தே அமைத்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், அக்ரா நகரைச் சுற்றி வாழும் கா இன மக்களின் ஹோமோவோ விழா நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் கடற்கரையில் மே, ஜூனில் ஒரு மழை. செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு மழை. நடுவில் ஆகஸ்ட் மாதம் ஓர் இடைவெளி. முதல் மழையில் மக்காச்சோளம் விதைத்தபின் ஏறக்குறைய ஒரு மாதம் ஊரில் மேளம் கொட்டக்கூடாது. ஆகஸ்டை ஒட்டி விளைச்சல் வீடு வந்ததும், அந்த மக்காச்சோள மாவிலேயே சமைத்து, முன்னோருக்கும் படைத்து, ஊரே உண்கிறது. டிசம்பருக்குப் பிறகு சகாரா பாலைவனத்திலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட தூசிக் காற்று வந்துவிடும்.

பெரம்பலூரும் மக்காச்சோள மாவட்டம்தான். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. ஆனால் இங்கு விளைவதில் பெரும்பகுதி கோழித் தீவனமாகப் போய்விடுகிறது. அதற்கென்று ஒரு விழாவும் இல்லை. தையில் பொங்கல் பானையில் பொங்குவது அரிசிதான். காட்டில் பயிர் மாறிவிட்டது, பானையில் மாறவில்லை.

குடகு மழையில் பங்கில்லாத இந்தக் காடுகள் எப்படிப் பிழைக்கின்றன? ஆவணி, புரட்டாசியில் பகல் வெயில் நிலத்தைக் காய்ச்ச, கிழக்கிலிருந்து ஏறிவரும் கடற்காற்று மேல்காற்றைச் சந்திக்கும் இடத்தில் மாலையில் இடிமேகம் எழுகிறது. ஒரு கிராமத்தில் கொட்டி, அடுத்த கிராமத்தைத் தொடாமல் போகும் மழை அது. அந்த ஈரத்தை நம்பித்தான் மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிறார்கள். மீதியைப் பார்த்துக்கொள்வது கரிசல். அரியலூர் வட்டாரத்தின் அடியில் இருப்பது டைனோசர் காலத்துக் கடலின் படிவு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் சிப்பிப் படிமங்கள் கிடைக்கின்றன. அந்தப் படிவுகள் சிதைந்து உருவான கரிசலின் களித்துகள்கள் தாள்தாளாக அடுக்கப்பட்டவை. நீர் அந்த அடுக்குகளுக்குள் நுழைந்ததும் மண் உப்புகிறது. காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மழை ஓங்கினால் காலில் அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும், ஏர் இறங்காது. அதனால் பதம் பார்த்து விதைக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அதைப் பிடித்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகையில் மண் குடித்து வைத்த நீரை மார்கழிப் பனியிலும் தையிலும் வேர் மெல்ல எடுத்துக்கொள்ளும். பருத்தி வெடிக்கும்போது மழை இருக்கக் கூடாது. வெடித்த பஞ்சு நனைந்தால் விலை போகாது.

ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருவுடையாருக்கு அன்னாபிஷேகம். பதின்மூன்று அடி உயர லிங்கத்தை மூட நூறு மூட்டை அரிசி வடிக்கப்படுவதாகச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. இன்றைய ஐப்பசி அக்டோபர் 18 வாக்கில் பிறப்பதால், அன்னாபிஷேகம் பெரும்பாலும் பருவமழைக்குள்தான் வருகிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் இப்படி இருந்திருக்காது.

காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. தமிழ் மாதங்கள் சூரியன் நட்சத்திர ராசிகளுக்குள் நுழைவதைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தவை. அந்த அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டு ஆண்டுக் கணக்குகளும் ஒத்துப்போவதில்லை. நம் பஞ்சாங்கக் கணக்கில் ஏறக்குறைய 60 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகிறது. ஆயிரம் ஆண்டில் 16 நாள். ராஜேந்திரன் கடல் கடந்து படையெடுத்த 1025ஆம் ஆண்டில், இன்றைய நாட்காட்டியின்படி ஆடி பிறந்தது ஜூலை தொடக்கத்தில். ஐப்பசி அக்டோபர் தொடக்கத்தில். தை டிசம்பர் கடைசியில். மழையின் நாட்கள் அன்றும் இன்றுபோலவே இருந்தன என்று கொண்டால், அன்றைய ஐப்பசியின் முதல் பாதி பருவமழைக்கு முன்பே கழிந்துவிடும். பொங்கல் மழைக்காலத்தின் விளிம்பில் வரும். 2021இல் அரசு விழாவாக அறிவிக்கப்பட்ட ஆடித் திருவாதிரை, அந்த மன்னனின் பிறந்த நட்சத்திரம். நட்சத்திரம் தவறாமல் நாம் அதைக் கொண்டாடுகிறோம். அதன் கீழே பருவம் அரை மாதம் நகர்ந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பு தீராத செய்தி.

நட்சத்திரம் நகர்வது நூற்றாண்டுக் கணக்கில். மழை ஏமாற்றுவது ஆண்டுக் கணக்கில். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நாலு நாள் கழித்துப் பொங்கல். மறுஆண்டு ஆடியிலோ மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் கரைபுரண்டது. கரிசல் காட்டுக்கு அதில் ஒரு சொட்டும் இல்லை. புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் ஊர்களுக்கு மட்டும் வெள்ளத்தில் பங்கு உண்டு. அது நிரப்பும் கரைவெட்டி ஏரியில் மழைக்காலத்தோடு வரித்தலை வாத்துகள் மத்திய ஆசியாவிலிருந்து வந்து இறங்குகின்றன. 2024இல் அந்த ஏரி ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

பங்குனி, சித்திரையில் வேலை ஓய்ந்து, தேர் ஓடத் தரை காய்ந்திருக்கும். திருமழபாடியில் நந்தி கல்யாணம், சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குச் சித்திரைத் திருவிழா. கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு ராமநவமியை ஒட்டிய பெருவிழா. அங்கே விவசாயிகள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நெல்லும் சோளமும் மற்றத் தானியங்களுமாக வந்து சேர்வது, அந்த ஆண்டு எந்த ஊர்க் காட்டில் மழை நின்று பெய்தது என்பதற்கான சாட்சி. மழைமானி வட்டத்துக்கு ஒன்றிரண்டுதான். காணிக்கையோ ஊருக்கு ஊர் வருகிறது. என்ன தானியம், எந்த ஊர், எத்தனை மரக்கால் என்று ஆண்டுதோறும் எழுதிவைத்து, மழை அளவோடு ஒப்பிடும் வேலையை அரியலூர், பெரம்பலூர்க் கல்லூரி மாணவர்கள் வரும் பங்குனியிலேயே தொடங்கலாம்.