மீனின் நிறமும் மனிதனின் நிறமும்

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு மயங்காதவர் யார்? சிவப்பு, மஞ்சள், நீலம், கருமை என எத்தனை நிறங்கள்! ஒரே இனத்திற்குள்ளேயே ஒரு மீன் கருத்தும் மற்றொன்று வெளிறியும் இருப்பது ஏன்? விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் கற்றறிந்ததைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நிறம் பிறக்கும் இடம்

மீனின் தோலில் நிறச்செல்கள் உள்ளன. மெலனின் என்னும் கரும்பொருளைத் தாங்கியவை ஒரு வகை. மஞ்சள், சிவப்பு நிறமிகளைத் தாங்கியவை மற்றொரு வகை. மூன்றாம் வகையில் நிறமியே இல்லை. அவற்றிலுள்ள குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மீன் வெள்ளிபோல் மின்னுகிறது. இச்செல்கள் எங்கே, எத்தனை, எவ்வளவு நிறமியோடு அமைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஜீன்களே முடிவு செய்கின்றன.

தந்தை தரும் புள்ளிகள்

கொசுப் புழுக்களைத் தின்பதற்காகத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் விடப்படும் கப்பி மீனை நாம் அறிவோம். இதன் ஆண் மீனுக்கு வண்ணப் புள்ளிகள் உண்டு; இயற்கையில் வாழும் பெண் மீனுக்கு இல்லை. இப்புள்ளிகளுக்கான ஜீன்கள் பல ஒய் குரோமோசோமில் அமைந்து, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதை 1920-களில் டென்மார்க் அறிஞர் விங்கே விளக்கினார்.

இந்நிறம் எப்போதும் நன்மையா? ஜான் எண்ட்லர் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. கொன்றுண்ணும் மீன்கள் உள்ள குளங்களில், பளிச்சிடும் கப்பிகள் எளிதில் இரையாயின. சில தலைமுறைகளில் புள்ளிகள் குறைந்தன. பகை இல்லாத இடத்திலோ புள்ளிகள் பெருகின. ஓரிடத்தில் சிறப்பாக இருக்கும் நிறமே மற்றோரிடத்தில் உயிருக்கு உலையாகிறது!

பொன்னிற மீன்

வரிக்குதிரை மீன் இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரியது. கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822-இல் எழுதிய நூலில் இடம்பெற்றது. இதில் கோடுகள் வெளிறிய ‘பொன்னிற’ வகை ஒன்று உண்டு. கருங்கோட்டு மீனையும் பொன்னிற மீனையும் இணைத்தால், முதல் தலைமுறைக் குஞ்சுகள் யாவும் கருங்கோட்டுடனே பிறக்கும். அவற்றைத் தமக்குள் இணைத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 25 குஞ்சுகள் பொன்னிறமாகும். மெண்டல் பட்டாணியில் கண்ட அதே 3:1 விகிதம்! ஒடுங்கு பண்பு மறைந்திருந்ததேயன்றி அழியவில்லை.

2005-இல் அமெரிக்காவில் கீத் செங் குழுவினர் இதற்குரிய ஜீனைக் கண்டுபிடித்தனர். செல்லுக்குள் சோடியம், கால்சியம் அயனிகளை இடம் மாற்றும் புரதத்தை ஆக்குவதே அதன் வேலை. அது பழுதானால் மெலனின் பைகள் சிறுத்து, எண்ணிக்கையிலும் குறைகின்றன. இதே ஜீன் நம்மிடமும் உண்டு. மனித ஜீனின் ஆர்.என்.ஏ.வைப் பொன்னிற மீனின் கருவில் செலுத்தியபோது கருநிறம் திரும்பியது!

மனிதரில் இப்புரதத்தின் 111-ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் அமைந்தால் தோல் வெளிறுகிறது. ஐரோப்பியர் ஏறக்குறைய அனைவரிடமும் இம்மாற்றம் உண்டு. நம் நாட்டில் இரு வடிவங்களும் கலந்து காணப்படுகின்றன. மனித நிறத்தை வேறு பல ஜீன்களும் ஆள்வதால் 3:1 கணக்கு இங்குச் செல்லாது. ஆயினும், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு நிறத்தில் பிறப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

யார் குற்றம்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணு நெறம் கம்மி” என்று சொல்லிப் போனதுண்டு. மாசமாக இருந்தபோது குங்குமப்பூ வாங்கிச் சாப்பிட வழியில்லாமல் போயிற்றே என்று அம்மா தன்னையே நொந்துகொள்வார். கருத்தரிக்கும்போதே ஜீன்கள் பங்கிடப்பட்டுவிடுகின்றன, குங்குமப்பூ அவற்றை மாற்றாது என்று பொன்னிற மீனைக் காட்டி அம்மாவுக்கு விளக்கினேன். “அப்ப எம்மேல குத்தம் இல்லியாடா?” என்று கேட்டார்.

குற்றம் அம்மா மீதுமில்லை, அக்கா மீதுமில்லை. குற்றமென்று ஒன்றே இல்லை. வெயில் மிகுந்த நாட்டில் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காப்பது அந்த மெலனின்தான். ஒரு புரதத்தின் ஓரிடத்து மாற்றத்தைக் கொண்டு மனிதரை எடை போடுவது அறிவுடைமையாகுமா? மரபியலைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடாமல் நம் வீடுகளுக்கும் எடுத்துச் செல்வோம்.